கோபச் சைக்கிள்

கதவுக்கு அந்தப் பக்கம் மகள் சுருண்டு கிடந்தாள். இந்தப் பக்கம் பிரதாபன் ஒரு பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, துவாயால் சுற்றி, கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நின்றான். சூடு பட்டதும் போத்தல் இடுப்பொடிந்து கோணிப்போயிருந்தது.

"தர்சி, என்ன செய்யுது?"

"தலையிடி அப்பா."

"சுடுதண்ணிப் போத்தல் கொண்டந்திருக்கிறன்."

"தலையிடிக்கோ?"

போன மாதமும் இதே தலையிடி வந்தது. அதற்கு முதல் மாதமும் வந்தது. தலையிடிக்காரி பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியதை அவன் கண்டிருந்தான். போத்தலைக் கதவடியில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றான். அவன் மறைந்த பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து போத்தலை எடுத்துக்கொண்டு போனது.

பிரதாபனுக்கு முப்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்தவன். வேலணையில் அரசாங்க உத்தியோகம். மனைவி அஜந்தா டெங்குக் காய்ச்சலில் போய் இரண்டு வருடம். அதன் பிறகு புங்குடுதீவு இறுப்பிட்டி வீட்டில் அவனும் மகள் தர்சனாவும்தான். செத்தவீட்டில் அவன் அழுதானா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ஊர் அழுதது. அவன் கதிரை எடுத்துக் கொடுத்தான். இன்னும் கதிரை எடுத்துக் கொடுக்கிற மாதிரித்தான் இருந்தான்.

மகளின் தலையிடிக்கு உண்மையான பெயர் என்ன என்று அவனுக்குத் தெரியும். சொல்லத்தான் ஏலவில்லை. இத்தனைக்கும் போன வருடம் அவள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டை ஊரே கொண்டாடியது. அவனுடைய அக்கா சீதேவி கனடாவிலிருந்து வந்து முன்னுக்கு நின்று நடத்தினார். அழைப்பிதழ் அடித்தார்கள். ஆலாத்தி எடுத்தார்கள். வீடியோக்காரர் பனை உயரத்துக்கு ட்ரோன் விட்டுப் படம் பிடித்தார். ஆகாயத்திலிருந்து அறிவித்த அந்த விசயத்தைப் பற்றி, பந்தல் கழற்றிய பிறகு, நிலத்தில் நின்று ஒரு சொல் கதைக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அஜந்தா இருந்திருந்தால் என்று நினைக்கத் தொடங்கினான். நிறுத்தினான்.

விறாந்தை மூலையில் அவளுடைய லேடீஸ் சைக்கிள் பழைய சேலை ஒன்றால் மூடிக் கிடந்தது. கோபச் சைக்கிள் என்று அவன் தனக்குள் அதற்குப் பெயர் வைத்திருந்தான். அஜந்தாவுக்கு இடைக்கிடை கோபம் வரும். ஏன் என்று சொல்லமாட்டாள். முகம் இறுகும். கதை நின்றுபோகும். சைக்கிளை எடுத்துக்கொண்டு குறிகட்டுவான் பக்கம் போய்விடுவாள். அவள் திரும்பி வருவதற்குள் பிரதாபன் மா குழைத்து, கை நோக நோக இடியப்பம் பிழிந்து, சொதியும் சம்பலும் வைத்து, படலையடியில் நின்று மன்னிப்புக் கேட்பான். எதற்கென்று தெரியாமலேதான் கேட்பான். "சரி, விடுங்கோ" என்பாள் அஜந்தா. வேர்த்திருப்பாள், முகம் தெளிந்திருக்கும். வயிறு நிறைய இடியப்பம் சாப்பிடுவாள்.

தன் பிழை என்ன என்று அவன் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. இனிக் கேட்க ஆளுமில்லை. வேலைக்குப் போகும்போது வாணர் பாலத்தில், இரண்டு பக்கமும் கடல் கிடக்க, மோட்டார்சைக்கிளில் இருந்தபடி நாளுக்கொரு பிழையை எடுத்துப் பார்ப்பான். அவளுடைய தம்பியின் கலியாணத்துக்குப் பிந்திப் போனதோ. நண்டுக்கறிக்கு உப்புக் கூடிப்போச்சு என்றதோ. பாலம் முடிந்துவிடும். பிழை முடியாது.

அந்தக் கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு மருத்துவமாதிடம் போனான். போன பிறகுதான் அது கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக் நாள் என்று கண்டான். காத்திருக்கிற வாங்கு முழுவதும் வயிறுகள். நடுவில் அவன் ஒருவன், கையில் ஹெல்மெட்டோடு.

மருத்துவமாது மேனுகாவைத் தீவில் எல்லோரும் மிஸ்ஸி என்பார்கள். அவனைவிட இளையவள், குரல் மட்டும் ஒலிபெருக்கி.

"அம்மா எங்கை அண்ணை? எத்தினையாம் மாசம்?"

வாங்கு முழுவதும் திரும்பியது. பிரதாபன் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் தனியாகக் கதைக்கலாமோ என்று கேட்டான். மறைப்புச் சீலைக்குப் பின்னால் இருவரும் போனார்கள். அந்தச் சீலை வாங்கில் இருந்தவர்களுக்கு மிச்சக் கதையைச் சொல்லிவிட்டது.

உள்ளே மேனுகா எல்லாவற்றையும் சாதாரணமாகச் சொன்னாள். கனபேருக்கு இந்த வயிற்றுக்குத்து இருக்கிறது. சூட்டுப் போத்தல் நல்லது. ஆனால் சுருண்டு கிடந்தால் உடம்பு இன்னும் இறுகும். நடை, சைக்கிள், குனிந்து நிமிருகிற அப்பியாசம் என்று ஏதாவது வழக்கமாகச் செய்துவந்தால் கனபேருக்கு நோ குறையும். மற்ற நாட்களிலும் செய்யவேண்டும், அந்த நாட்களில் மெதுவாகச் செய்யலாம். தாங்க ஏலாமல் போனால், பள்ளிக்கூடம் தவறினால், மறைக்காமல் டொக்டரிடம் கொண்டுபோக வேண்டும். சொல்லிக்கொண்டே மேசையில் கையூன்றி, பூனை சோம்பல் முறிப்பதுபோல முதுகை வளைத்தும் காட்டினாள்.

"இதை நீங்களே பிள்ளைக்குச் சொல்லுங்கோ."

"நானோ?"

"வேறை ஆர் இருக்கினம்?"

சும்மா கேட்ட கேள்விதான். பிரதாபன் ஹெல்மெட்டைக் கடையில் வாங்கப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

வாங்கின் கடைசியில் பக்கத்து வீட்டு மனோகரி, மருமகளோடு இருந்தார். கருணையாகச் சிரித்தார். "ஒண்டுக்கும் யோசியாதையும் தம்பி. எல்லாம் நல்லபடியா நடக்கும்."

"ஓம்" என்றான் பிரதாபன். அந்த 'ஓம்'தான் பிழையாய்ப்போனது.

இறுப்பிட்டியிலிருந்து வேலணைக்கு ஒரு பஸ் போவதற்குள் இறுப்பிட்டிச் செய்தி கனடாவுக்குப் போய்விடும். பின்னேரம் அக்காவின் அழைப்பு வந்தது.

"டேய், ஆரடா அவள்?"

"எவள்?"

"எத்தினை மாசம் எண்டாவது சொல்லு. நான் நாலு பேருக்கு முகம் குடுக்கவேணும்."

பிரதாபனுக்கு உண்மை வாயில் வந்தது. ஆனால் மேசையில் தர்சனா படித்துக்கொண்டிருந்தாள். கிட்டக் கிடந்த பொய்யை எடுத்தான்.

"நான் மிஸ்ஸியிட்டைப் பிரசர் பாக்கப் போனனான் அக்கா."

அந்தப் பக்கம் அக்கா தொலைக்காட்சியை நிறுத்துகிற சத்தம் கேட்டது. அக்கா தொலைக்காட்சியை நிறுத்துவது நல்லதுக்கில்லை.

"முப்பத்தெட்டு வயசிலை பிரசரோ? எங்கடை அப்பாவும் உப்பிடித்தான் துடங்கினவர். நீயும் போய்ச் சேந்தாப் பிள்ளையை ஆர் பாக்கிறது? ஆவணியிலை வாறன். வந்து தர்சியை இஞ்சாலை எடுக்கிற அலுவலைப் பாக்கிறன்."

தொலைபேசி நின்றது. வளவில் பனையிலிருந்து காவோலை ஒன்று விழுந்தது. மகளும் போனால் இந்த வீட்டில் மிஞ்சப்போவது தானும் சேலை போர்த்த ஒரு சைக்கிளும்தான் என்று பிரதாபன் நினைத்தான். அதுவும் தெளிவாக, கணக்குப்போல வந்தது.

"அப்பா, மிஸ்ஸி என்ன சொன்னவ?" மகள் புத்தகத்தை மூடியிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முதல் ஒரு காய்ச்சலைச் சாதாரணம் என்று நம்பிய பிள்ளை அவள்.

பொய்க்குள் ஒரு வழி தெரிந்தது. பிரதாபன் அதற்குள் இறங்கினான். "அப்பியாசம் செய்யட்டாம். தனியச் செய்யக் கூடாதாம். ஆராவது சேந்து செய்ய வேணுமாம்."

"நான் வாறன்" என்றாள் தர்சனா உடனே.

திட்டம் பலித்தது. தேவைக்கு மேலாகவே பலித்தது. அடுத்த நாளிலிருந்து கறியில் உப்பு இல்லை. சொதியில் உப்பு இல்லை. உப்புப் போத்தல் அலுமாரிக்குள் போய்ப் பூட்டுப்பட்டது. திறப்பு மகளின் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது.

காலையில் விறாந்தையில் அப்பியாசம். மகள் செய்யவேண்டியதை எல்லாம் தகப்பன் முதலில் செய்துகாட்டவேண்டும். இல்லாவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வரும். பிரதாபன் கையையும் காலையும் ஊன்றி நின்று முதுகை வளைத்தான். மல்லாந்து கிடந்து முழங்காலை நெஞ்சோடு கட்டிப்பிடித்தான். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த மனோகரி, விடியற்காலமை ஒரு பட்டதாரி மாடுமாதிரி நிற்பதைக் கண்டு தலையை இறக்கினார். மாதவிடாய் வயிற்றுக்குத்துக்கான அப்பியாசத்தைத் தீவுப்பகுதியிலேயே ஒருநாளும் தவறாமல் செய்த ஆண்பிள்ளை அவன் ஒருவனாகத்தான் இருக்கும். அவனுக்கு ஒரு நோவும் இல்லாதபடியால் குறைந்ததும் தெரியவில்லை. நித்திரை மட்டும் நன்றாக வந்தது.

பிறகு ஓட்டம். அவன் ஓடுவான், அவள் சைக்கிளில் பின்னால் வரவேண்டும். தர்சனா விறாந்தை மூலைக்குப் போய்ச் சேலையின் நுனியைப் பிடித்தாள்.

"இதை எடுக்கட்டோ அப்பா?"

அவன் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு, எடு என்றான்.

இரண்டு தயருக்கும் காற்றடித்து, செயினுக்குத் தேங்காயெண்ணெய் விட்டு, முதல்நாள் குறிகட்டுவான் வீதியில் இறங்கினார்கள். அங்கேதான் பிரதாபன் ஒன்றை மறந்துபோனான். குறிகட்டுவான் என்றால் துறை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு வெளிக்கிடும் இடம். நெடுந்தீவுப் படகைத் தவறவிட்டால் அன்றைய அலுவல் அன்றோடு சரி. அதனால் அந்த வீதியில் ஒரு மனிதன் துறையை நோக்கி ஓடினால் தீவுக்காரருக்கு ஒரு கருத்துத்தான். படகு வெளிக்கிடுகிறது. காரணம் கேட்டுக்கொண்டு நிற்கிறவனுக்குப் படகு இல்லை.

பஸ் தரிப்பில் இருந்த ஒருவர் அவனைக் கண்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினார். அவரைக் கண்டு, நயினாதீவு அம்மனுக்கு அர்ச்சனைத் தட்டோடு நின்ற இரண்டு பெண்கள் ஓடினார்கள். மரக்கறி மூட்டையோடு ஒருவர். சேவல் ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொருவர். பின்னால் காலடி கேட்டுப் பிரதாபன் திரும்பிப் பார்த்தான். இவ்வளவு பேர் துரத்துகிறார்களே என்று பயந்து இன்னும் வேகமாக ஓடினான். அவன் வேகம் கூட்டியதைக் கண்டு படகு கயிறு அவிழ்த்துவிட்டது என்றே அவர்கள் முடிவு கட்டினார்கள். எல்லோருக்கும் கடைசியில் தர்சனா மணியடித்துக்கொண்டு வந்தாள்.

துறையில் படகு கட்டியபடி கிடந்தது. படகோட்டி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

வேட்டிக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று, எங்கே தம்பி போறீர் என்று கேட்டார். ஒரிடமும் இல்லை என்றான் பிரதாபன். அவர் சேவல்காரரைப் பார்த்தார். சேவல்காரர் கடலைப் பார்த்தார்.

தர்சனா சிரித்தாள். சைக்கிள் கைபிடியில் தலையை வைத்துக்கொண்டு, மூச்சு விட ஏலாமல் சிரித்தாள். அந்தச் சத்தத்தைப் பிரதாபன் இரண்டு வருடமாகக் கேட்கவில்லை. ஆட்களிடம் மன்னிப்புக் கேட்பதை அப்படியே விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றான்.

துறையடியில் தேநீர்க்கடை வைத்திருந்த யோகம்மா இரண்டு இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். சைக்கிளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இந்தச் சைக்கிளைக் கண்டு கனகாலம்" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மகளைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் போனார்.

கிழமைகள் போயின. ஊர் பழகிவிட்டது. அவன் ஓடினால் பின்னால் ஒருவரும் ஓடுவதில்லை. ஆனால் மனோகரி கனடாவுக்கு ஒழுங்காகச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை அக்கா அழைப்பு எடுத்தார். குரல் வழமைக்கு மாறாக மென்மையாக இருந்தது.

"தம்பி, நீ காலமை காலமை கடலடிக்கு ஓடுறியாம். எங்கை போறாய் எண்டு கேட்டா ஒரிடமும் இல்லை எண்டுறியாம்."

"அது அப்பியாசம் அக்கா."

"மாடுமாதிரி நிலத்திலை நிக்கிறியாம். எனக்கு எல்லாம் விளங்குது ராசா. அஜந்தா போன கவலை. கடலிலை கிடலிலை விழுந்திடாதை. நான் ஆவணி மட்டும் காத்துக்கொண்டு நிக்கமாட்டன். வாற கிழமை வாறன். தர்சியின்ரை சாமான்களைக் கட்டி வை."

பிரதாபனுக்கு இனி எடுக்கப் பொய் இல்லை.

"அக்கா, நான் கடலிலை விழப்போகேல்லை. எனக்குப் பிரசரும் இல்லை. தர்சிக்குத்தான் மாதாமாதம் வயித்துக்குத்து. அப்பியாசம் செய்தாக் குறையும் எண்டு மிஸ்ஸி சொன்னவ. பிள்ளையிட்டைச் சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது. அதுதான் எனக்குப் பிரசர் வருத்தம் எண்டு சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு திரிஞ்சனான். என்னட்டை இருக்கிறது இந்தப் பிள்ளை ஒண்டுதான். கொண்டுபோகாதைங்கோ."

இரண்டு வருடத்தில் அவன் ஒரே மூச்சில் கதைத்த நீளமான கதை அது. கதைத்து முடித்துத் திரும்பினான். அறை வாசலில் தர்சனா நின்றாள். ஒரு கை வயிற்றில் இருந்தது.

"பிரசர் இல்லையோ?"

"இல்லை."

"நான் நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைச்சனான். உப்பில்லாமல் நானும்தானே திண்டனான்." கழுத்துச் சங்கிலியை இறுக்கிப் பிடித்தாள். "இப்ப கனடாவுக்கெல்லாம் சொல்லியாச்சு."

அவள் முகம் இறுகியது. கதை நின்றுபோனது. அந்த முகத்தை அவனுக்குத் தெரியும். கழுத்துச் சங்கிலியிலிருந்து அலுமாரித் திறப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டிப் போனாள்.

பிரதாபன் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தான். குசினிக்குள் போய் மா குழைத்தான். இடியப்ப உரலை எடுத்து ஒரு தட்டு பிழிந்தான். இரண்டாவது தட்டில் கை நின்றது. தாய் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தாள். கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்துதான் வராமல் போனாள். உரலை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். முற்றத்தில் மோட்டார்சைக்கிள் நின்றது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

பஸ் தரிப்பில் வேட்டிக்காரர் இருந்தார். எழும்பவில்லை. "இண்டைக்கும் ஒரிடமும் இல்லையோ தம்பி?" என்று மட்டும் கேட்டார். முன்னுக்கும் ஆளில்லாத, பின்னுக்கும் ஆளில்லாத வீதியில் பிரதாபன் தனியே ஓடினான்.

யோகம்மாவின் கடைச் சுவரில் சைக்கிள் சாய்ந்து நின்றது. உள்ளே வாங்கில் தர்சனா, கையில் தேத்தண்ணியோடு. நெற்றி வேர்த்திருந்தது. முகம் தெளிந்திருந்தது. யோகம்மா அவளோடு ஏதோ இரகசியம் கதைத்துக்கொண்டிருந்தவர், அவனைக் கண்டதும் நிறுத்திவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

அவனுக்கு மூச்சு வர நேரமெடுத்தது. பிறகு கேட்டான்.

"வயித்துக்குத்து இன்னும் கிடக்கோ?"

சொல் வெளியே வந்துவிட்டது. கடல் பொங்கவில்லை. படகு கட்டியபடியே கிடந்தது.

"குறைஞ்சிட்டுது" என்றாள் தர்சனா. "போன மாசமளவுக்கு இல்லை. சைக்கிளிலை வரவரக் கழண்டுபோச்சு."

"என்னிலைதான் பிழை பிள்ளை."

"என்ன பிழை?"

வாழ்க்கையில் முதன்முதலாகப் பிரதாபனுக்குத் தன் பிழை என்ன என்று தெரிந்திருந்தது. ஒன்றும் விடாமல் சொன்னான். பிரசர் என்றது பொய். மிஸ்ஸி சொன்னதை மறைத்தது பிழை. அவளைக் கேட்காமல் கனடா மாமியிடம் சொன்னது பெரிய பிழை. தர்சனா ஒரு நீதவானைப்போலத் தேத்தண்ணியை ஊதி ஊதிக் கேட்டாள்.

"சரி, விடுங்கோ."

அவன் கடலைப் பார்த்தான்.

"மாமியோடை போகப்போறியோ?"

"நான் போனா விடியக் காலமை உங்களோடை ஆர் மாடுமாதிரி நிக்கிறது?"

யோகம்மா அவனுக்கும் ஒரு தேத்தண்ணி கொண்டுவந்தார். வாங்கக் கை நீட்டியபோது அவன் கைகளைப் பார்த்தார். முழங்கை வரை மா காய்ந்து வெடித்திருந்தது. சிரிப்பை அடக்கியதில் அவருடைய வாய் ஓரம் துடித்தது.

"இடியப்பமோ தம்பி?"

"ஓம் அக்கா. வேறை என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியாது. இவளும் தாயைப்போலத்தான். கோவம் வந்தாச் சைக்கிளை எடுத்துக்கொண்டு இஞ்சாலை வந்திடுறாள்." பிரதாபன் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் சொன்னான். "அஜந்தாவுக்கு என்னிலை என்ன கோவம் எண்டு கடைசிமட்டும் எனக்குத் தெரியாமலே போச்சு."

யோகம்மா தர்சனாவைப் பார்த்தார். தர்சனா கிளாசுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"உம்மிலை அவவுக்கு ஒருநாளும் கோவம் வந்ததில்லைத் தம்பி, மாதாமாதம் வயித்துக்குத்து, சைக்கிள் ஓடினா விடும் எண்டுதான் இஞ்ச மட்டும் வாறவ. 'அந்த மனிசனுக்குச் சொல்லிப்போடாதைங்கோ அக்கா, கோவம் எண்டு நினைச்சாத்தான் இடியப்பம் பிழியும்' எண்டு சொல்லிச் சிரிச்சுப்போட்டுத்தான் ஒவ்வொருமுறையும் திரும்பிப் போறவ."